தேரடியில் உடைத்த தேங்காய்

உ

லா சப்பல், பாரிஸ்
12.08.2009

தம்பி கலைமாறனுக்கு,

சுகம் கேட்டு எழுதவில்லை. சுகமாகத்தான் இருப்பாய். போன சனிக்கிழமை கார் து நோர் ஸ்டேசன் வாசலில் அந்த வதனாவின் பையைத் தூக்கிக்கொண்டு, அவள் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டு போனாய். நான் மரக்கறிப் பையோடு எதிர்ப்பக்கம் நின்றேன். பெரிய கடையில் களவெடுப்பவர்களைக் கூட்டத்துக்குள் கண்டுபிடித்துச் சம்பளம் எடுக்கிறவன் நீ. கூடப் பிறந்தவள் உன் கண்ணில் படவில்லை.

இனி உன்னோடு போனில் கதைப்பதில்லை என்று அம்மன் படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகப் போடுகிறேன், வீட்டுக் கணக்குப் போடுவதைப்போல. பிறகு நீ ஒன்றையும் மறந்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது. ஆனி மாதக் கடைசியில் கலியாண வீடொன்றுக்குப் போக அலுமாரியைத் திறந்தேன். என் தாலிக்கொடி இல்லை. அன்றாடம் கழுத்தில் கிடப்பது மெல்லிய சங்கிலி, கொடி விசேஷத்துக்கு மட்டும் என்பது உனக்குத் தெரியும். பூட்டு உடையவில்லை. திறப்பு பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தபடியே இருந்தது. வீட்டில் இருப்பது நான், உன் அத்தான், மகள் சுபாங்கி, பிறகு பின் அறையை வாடகைக்குக் கொடுத்து நான் வைத்திருந்த வதனா. வாகரையில் இருந்து தனியாக வந்தவள், அகதி வழக்கு இன்னும் முடியாதவள், பாவம் என்று இடம் கொடுத்தேன். சுவாமித் தட்டைத் துடைப்பதும் அவள்தான். திறப்பு இருக்கும் இடம் வேறு யாருக்குத் தெரியும்?

பொலிசுக்குப் போனால் பதியாமல் அறை வாடகைக்கு விட்டதும் வெளியே வரும் என்று அத்தான் தடுத்தார். அதனால் உன்னைக் கூப்பிட்டேன். வந்தாய். என்னைக் கேட்டாய், சுபாங்கியைக் கேட்டாய், கீழ்வீட்டுப் போர்த்துக்கல்காரியைக் கூடக் கேட்டாய். வதனாவை மூன்று கிழமை கேட்டாய். முதற் கிழமை நின்றபடி, இரண்டாம் கிழமை இருந்தபடி, மூன்றாம் கிழமை தேத்தண்ணி குடித்தபடி. பொறுமை இழந்துதான் கோயில் அன்னதான மண்டபத்தில், தில்லைநாயகி அக்கா முதல் எல்லாரும் இருக்க, அவளைக் கள்ளி என்றேன். அன்றைக்கே அறையைவிட்டு அனுப்பினேன். நீ என்ன செய்தாய்? லெ பிளாங்-மெனிலில் இளையதம்பி அண்ணை வீட்டில் அவளுக்கு இடம் எடுத்துக் கொடுத்தாய்.

நீ பிரான்சுக்கு வந்த புதிதில் எங்கள் சோபாவில் படுத்த காலம் நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்போம். கீழே ஓடுகிற எழுத்தை வாசித்து வாசித்துத்தான் நான் பிரெஞ்சு படித்தேன். பொத்தான் கடைக்காரியின் படம் ஒன்று வந்தது. கொலையை விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் முதல் நாள் அவளைக் கேள்வி கேட்டான். இரண்டாம் நாள் ஒரு பொத்தான் வாங்கினான். பிறகு தன் மழைக்கோட்டிலிருந்து தானே ஒவ்வொரு பொத்தானாகப் பிய்த்துக்கொண்டு அவள் கடைக்குப் போனான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஊரெல்லாம் விசாரித்தவன் அவளிடம் மட்டும், அந்தச் சாமத்தில் நீ எங்கே நின்றாய் என்று கேட்கவே இல்லை. பதில் தெரிந்த கேள்வியைத்தான் மனிதன் கேட்காமல் விடுவான்.

கடைசியில் கொன்றவள் அவள்தான். அதையும் நினைவில் வை.

இராசமலர்


ஆர்ஜொந்தெய்
16.08.2009

அன்புள்ள அக்கா,

கடிதத்தை ரயிலில் ஒருமுறை, வேலையில் ஒருமுறை, வீட்டுக்கு வந்து ஒருமுறை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் கோபம் வந்தது. அதனால் பதில் சுணங்கிவிட்டது.

வதனா எடுக்கவில்லை. இது தம்பி சொல்லுகிற பதில் அல்ல, தொழில் சொல்லுகிற பதில். என்னோடு கடையில் நிற்கிற அந்துவான் ஒன்று சொல்லுவான்: எடுத்தவன் வாசலைப் பார்ப்பான், எடுக்காதவன் உன் முகத்தைப் பார்ப்பான். நான் முதல் நாள் போய்க் கேட்டபோது அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். "ஒங்களுக்கு இது வேலதானே, என்ட பெட்டிய நீங்களே பாருங்க" என்று இழுத்துக் கட்டிலில் கவிழ்த்தாள். இரண்டு சட்டை, ஒரு குளிர்க்கோட்டு, பிளாஸ்திக் உறையில் செத்துப்போன புருசனின் அடையாள அட்டை. இத்தனை வருசத்தில் எத்தனையோ பேருடைய பையைக் கிளறிய கை இது. அன்றைக்கு எழும்பவில்லை.

நீ படம் பார்த்துப் பிரெஞ்சு படித்தது நல்லது. படம் பார்த்து ஆட்களைப் படிக்காதே. அந்தப் படத்தில் அவள் கொன்றாள், சரி. அதற்காகப் பொத்தான் விற்கிறவர்கள் எல்லாரும் கொலைகாரிகளா?

எடுத்தது யார் என்று கேட்பாய். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வைத்துக்கொள். கொடி போனது போனதாக இருக்கட்டும் அக்கா. உனக்கு நான் வேறு செய்து தருகிறேன். அந்தப் பிள்ளையை மண்டபத்தில் வைத்துச் சொன்ன சொல்லை மட்டும் நீ திருப்பி எடு.

கலைமாறன்


உ

லா சப்பல்
19.08.2009

கலைமாறனுக்கு,

வேறு கொடி செய்து தருவாயா? தாலிக்கொடி கட்டினவர் கொடுப்பது. தம்பி வாங்கிக் கொடுக்க அது என்ன கைக்கடிகாரமா? மூளை எங்கே போய்விட்டது உனக்கு. எங்கே போனதென்று எனக்குத் தெரியும், லெ பிளாங்-மெனிலுக்கு.

உன் கடிதத்தை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றார். "விடும் இராசமலர், அவன் சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு" என்றார். ஆம்பிளையள் எல்லாரும் ஒரு பக்கம்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாக வாசி. நேற்றுத் தபால்காரன் என் பெட்டியில் வதனாவின் பெயருக்கு ஒரு துண்டு போட்டிருக்கிறான். அவளுடைய விலாசம் இன்னும் என் வீடுதானே. பதிவுத் தபாலைக் கந்தோரில் வந்து எடுக்கச் சொல்லுகிற துண்டு. அனுப்பியது அகதி நீதிமன்றம், விசாரணைக்குக் கூப்பிடுகிற கடதாசியாகத்தான் இருக்கும். தபால் கந்தோரில் பதினைந்து நாள் வைத்திருப்பார்கள், பிறகு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது. கொடி வந்தால் துண்டு வரும்.

அதோடு இன்னொன்று. முப்பதாம் திகதி பிள்ளையார் தேர். தேர் வரும் வழியில் ஊரெல்லாம் நல்லதுக்குத் தேங்காய் உடைக்கும். நான் ஒரு தேங்காயைத் திட்டி உடைக்கப்போகிறேன். எடுத்தவரும், அதனால் பிழைத்தவரும், அவர்கள் பெற்ற பிள்ளைகளும் விளங்கக் கூடாது என்று. ஊரில் அம்மாவின் பசுவை அவிழ்த்துக்கொண்டு போனவனுக்கு அம்மா உடைத்தது உனக்குத் தெரியும். அவன் என்ன ஆனான் என்பதும் தெரியும்.

இராசமலர்


ஆர்ஜொந்தெய்
22.08.2009

அக்கா,

கோபத்தில் எழுதுகிறேன். பயத்தில் என்று நினைக்காதே.

அந்தத் துண்டு என்ன என்று தெரிந்துதான் வைத்திருக்கிறாயா? கூப்பிட்ட நாளில் அவள் போகாவிட்டால் வழக்கு அதோடு முடிந்தது. பிறகு இந்த நாட்டில் அவளுக்கு நிற்க இடமில்லை. திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறவளை யார் கூட்டிப்போவார்கள் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? இந்த வருசம் முழுக்கச் செய்தி கேட்டு அழுதவள் நீ. நேற்று இரண்டு பேரும் தபால் கந்தோருக்குப் போய்க் கேட்டோம். துண்டில் உள்ள இலக்கம் இல்லாமல் எடுக்க முடியாது.

நீ கேட்க விரும்புவதையும் சொல்லிவிடுகிறேன். ஓம். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. முப்பத்தெட்டு வயதில், சந்தேகத்தோடு போன இடத்தில், இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்லுகிறேன், நீ இதையும் ஒரு குற்றமாக எழுதிக்கொள்வாய் என்று தெரிந்தும்.

ஒரு விசயத்தில் மட்டும் உன் காலைப் பிடிக்கிறேன். துண்டைக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் வேறு வழி பார்க்கிறேன். தேங்காய் உடைக்காதே. அதுவும் பிள்ளைகளைச் சொல்லி உடைக்காதே. ஏன் என்று கேட்காதே. உடைக்காதே அக்கா.

கலைமாறன்


உ

லா சப்பல்
26.08.2009

கலைமாறனுக்கு,

கள்ளியைப் பிடிக்கப் போனவன் கள்ளிக்காகக் காலில் விழுகிறான். அவள் எடுக்கவில்லை என்றால் தேங்காய் அவளை என்ன செய்யும்? உனக்கே நம்பிக்கை இல்லை. அதனால்தான் பதறுகிறாய்.

முடித்தேங்காயாகப் பார்த்து வாங்கி, மஞ்சள் பூசிச் சுவாமித் தட்டில் வைத்திருக்கிறேன். அத்தான் கண்டுவிட்டு, "இது எதுக்கு?" என்றார். சொன்னேன். சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டார். உன் கதையைக் கேட்டு அவருக்கும் என்மேல் கோபம்.

துண்டு அம்மன் படத்தின் கீழ் இருக்கிறது. நாள் போகிறது.

இராசமலர்


லா சப்பல்
31.08.2009, காலை

தம்பி,

மேலே பிள்ளையார் சுழி போடவில்லை. மறக்கவில்லை. போட முடியவில்லை.

நேற்றுத் தேர் வந்தது. சனம் சொல்லி முடியாது. வெள்ளைக்காரர் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வீதியெல்லாம் தேங்காய்க் குவியல். நான் தில்லைநாயகி அக்காவுக்குப் பக்கத்தில் நின்று, கற்பூரம் கொளுத்தி, மனதுக்குள் சொல்லாமல் வாய்விட்டே சொன்னேன். எடுத்தவரும், பிழைத்தவரும், அவர்கள் பெற்ற பிள்ளைகளும். ஓங்கி அடித்தேன். சிதறு தேங்காயாக உடைந்தது. "கேட்டிட்டார் பிள்ளையார்" என்றா தில்லைநாயகி அக்கா.

அப்போது உன் அத்தானைப் பார்த்தேன். வடம் பிடித்தவர்களுக்குள் நின்றவர், வடத்தை விட்டுவிட்டு, சிதறிய துண்டுகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். சனம் பொறுக்கும், அது வழக்கம். ஆனால் எல்லாரும் யாருடைய தேங்காயையும் பொறுக்கினார்கள். அவர் என்னுடையதை மட்டும் பொறுக்கினார். கால்களுக்குள் கையை விட்டு, ஒரு துண்டும் மிச்சமில்லாமல். விட்டால் திரும்ப ஒட்டிவிடுவார் போல.

நான் அந்த இடத்திலேயே நின்றேன். வதனா எடுக்கவில்லை என்று நீ நம்பினால், தேங்காய் உடை அக்கா என்றுதான் நீ சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும். நீ உடைக்காதே என்றாய். பிள்ளைகளைச் சொல்லாதே என்றாய். அவளுக்குப் பிள்ளையே இல்லை. அப்படியென்றால் நீ யாருக்காகக் கெஞ்சினாய்? பிறகு நானே உனக்கு எழுதின வசனம் நினைவுக்கு வந்தது. என்னைக் கேட்டாய், சுபாங்கியைக் கேட்டாய், கீழ்வீட்டுக்காரியைக் கேட்டாய். அத்தானிடம் மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னம் கேட்டேன்.

"நீங்களே எடுத்தனீங்கள்?"

"ஓம்."

"வித்திட்டீங்களோ?"

"ஓம்."

"ஆருக்கு?"

"தங்கச்சியின்ரை மூத்தவளை வவுனியா முகாமிலை இருந்து காசு குடுத்து வெளியிலை எடுக்க. கஜந்தினியை. பதினாறு வயதுப் பெட்டை, இராசமலர். அவளை இன்னும் அங்கை வைச்சிருந்தால்..."

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டால் தந்திருப்பீரோ?"

என் கலியாணத்தன்று பந்தியில் இருந்த அம்மாவை எழுப்பிவிட்டவள் அவருடைய தங்கச்சி. அவளுக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசியும் போகாது என்று இருபத்திரண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்.

நீ எப்போது அறிந்தாய்? எனக்கு ஏன் சொல்லவில்லை? காரணம் சொல்லாமல் உடைக்காதே என்றால் உடைக்கத்தானே தோன்றும், என்னை உனக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளையையும் என் சுபாங்கியையும் சபிக்க விட்டுவிட்டாய். அவர் களவெடுத்தார், நீ மறைத்தாய், நான் சபித்தேன். மூன்று பேரும் சேர்ந்து கள்ளிப் பட்டத்தை ஒன்றும் செய்யாத ஒருத்திக்குச் சூட்டினோம்.

துண்டை எடுத்துக்கொண்டு இப்போது லெ பிளாங்-மெனிலுக்குப் போகிறேன். நீ வர வேண்டாம்.

இராசமலர்


ஆர்ஜொந்தெய்
02.09.2009

அக்கா,

இரண்டாம் கிழமையே அறிந்தேன். வீட்டில் எல்லாரும் பேச்சுக்குப் பேச்சு அந்த அலுமாரியைத் திரும்பிப் பார்த்தீர்கள். அத்தான் ஒருமுறையும் பார்க்கவில்லை. வேலை முடிகிற நேரம் போய், ஸ்டேசனுக்கு முன்னால் இருக்கிற கடையில் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். நான் வாய் திறக்கவில்லை. அவர் அழுதார். "தை மாதத்துக்குள்ளை திருப்பிச் செய்து வைச்சிடுவன், அதுவரைக்கும் உன்ரை அக்காவுக்குச் சொல்லாதை" என்று என் கையைப் பிடித்தார். நான் இந்த நாட்டில் இறங்கிய அன்று என்னை வந்து கூட்டிப்போன கை அது. வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த கிழமைதான் நீ மண்டபத்தில் வதனாவைக் கள்ளி என்றாய். வாக்கை உடைத்தால் உன் குடும்பம், உடைக்காவிட்டால் அவள். நான் நடுவில் நின்று அவளுடைய பையைத் தூக்கினேன். வேறென்ன செய்ய?

எனக்கும் உன்மேல் கோபம் இருக்கிறது. அத்தான் உன்னிடம் கேட்கப் பயந்து களவெடுத்தார். நான் உன்னிடம் சொல்லப் பயந்து பொய் எழுதினேன். எங்கள் இரண்டு பேரையும் இப்படிப் பயப்படுத்தி வைத்தது யார்? இதை முகத்துக்கு முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நல்ல வேளை, நீ போனை நிறுத்தினாய்.

அவள் துண்டை வாங்கினாளா? என்னிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. போனும் எடுக்கவில்லை.

கலைமாறன்


லா சப்பல்
07.09.2009

தம்பி கலைமாறனுக்கு,

வாங்கினாள். கதவைப் பாதி திறந்து, என் கையிலிருந்து துண்டை எடுத்துப் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. சப்பாத்தைக் காலில் கொழுவிக்கொண்டு வெளியே வந்து நடக்கத் தொடங்கினாள். தபால் கந்தோர் எங்கள் பக்கத்தில்தானே. அவள் முன்னால், நான் பின்னால். ரயிலில் அவள் கதவடியில் நின்றாள், நான் மற்றக் கதவடியில். கார் து நோரில் படி ஏறும்போது கூட்டத்துக்குள் தவறவிடக் கூடாது என்று அவளுடைய சாம்பல் நிறக் கோட்டையே பார்த்துக்கொண்டு போனேன். அந்த இன்ஸ்பெக்டர் வேலையை நீ செய்யவில்லை, நான்தான் செய்தேன்.

கடிதத்தை வாங்கி உடைத்தாள். பிரெஞ்சு. தாளைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே நீட்டினாள்.

"வாசிச்சுச் சொல்லுங்க."

ஐப்பசி பன்னிரண்டாம் திகதி, காலை ஒன்பது மணி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார் என்று வாசித்தேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். நாலாக மடித்துக் கோட்டுக்குள் வைத்தாள்.

"பிழை எங்களிலைதான் பிள்ளை," என்றேன்.

"இங்க வெச்சுச் சொல்லாதீங்க. அங்க வெச்சுத்தானே என்னக் கள்ளி எண்ட நீங்க. அங்க வெச்சு எடுங்க."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் சோற்றுக்கு இருந்தபிறகு நான் எழும்பி நின்றேன். வதனா எடுக்கவில்லை என்றேன். தில்லைநாயகி அக்கா விட்டாவா? "கிடைச்சிட்டுதோ பிள்ளை? எங்கை கிடந்தது?" என்றா. ஓம், கிடைத்துவிட்டது என்று ஒரு சொல் சொன்னால் போதும், வீட்டு மானம் தப்பியிருக்கும். சுவாமி பார்த்துக்கொண்டிருக்கிறார். "கிடைக்கேல்லை அக்கா. என்ரை வீட்டிலைதான் களவு. என்ரை ஆள்தான் எடுத்தது. நான்தான் வாயாலை ஒரு பிள்ளையைக் கொன்றனான்," என்றேன். ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. ஒருத்தி மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம் மெல்ல, "தேரடியிலை ஆருக்கு உடைச்சவ அப்ப?" என்று கேட்டாள். காதில் விழுந்தது.

ஐயரிடம் பரிகாரம் கேட்டேன். பாலாபிஷேகம் செய்யலாம் என்றார். சொன்ன சொல்லைப் பால் கழுவுமா என்று கேட்டேன். அவர் விளக்கைத் தூண்டிக்கொண்டு நின்றார்.

வதனாவிடம் நடந்ததையெல்லாம் சொல்லி உன் பேச்சையும் எடுத்தேன், எடுக்கக் கூடாதுதான். "அவரு மொதல் வந்தது என்னச் சந்தேகப்பட்டுத்தானே," என்றாள். "பிறகு எல்லாம் தெரிஞ்சும் வாயத் தெறக்கல்ல. பையத் தூக்கினாரு. பாரமா இருந்தது பையில்ல." அவ்வளவுதான். கோட்டில் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போகாதே. ஐப்பசி பன்னிரண்டு முடியட்டும். அன்றைக்கு அவளோடு நீதிமன்றத்துக்கு நான் போகிறேன். கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நீ எழுதியதை வாசித்தேன், பயப்படுத்தி வைத்தது யார் என்று. வாசித்த அன்று கிழித்துப்போட நினைத்தேன். கிழிக்கவில்லை. அதற்குப் பதில் இப்போது எழுத மாட்டேன். உன்மேல் கோபம் அப்படியே இருக்கிறது. அத்தானுக்குச் சோறு போடுகிறேன், கதைப்பதில்லை. அவர் பொறுக்கிய தேங்காய்த் துண்டுகள் இன்னும் ஒரு பையில் கட்டியபடி குசினியில் இருக்கின்றன. எறியவும் விடமாட்டார், சமைக்கவும் விடமாட்டார்.

நேற்று வவுனியாவுக்குப் போன் எடுத்தேன். உனக்கு எடுக்க மாட்டேன் என்றுதானே சத்தியம். இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு அத்தானின் தங்கச்சியின் குரல். நான் தொடங்குவதற்கு முன்னம் அவள் அழத் தொடங்கிவிட்டாள். "மச்சாள், கழுத்திலை கிடந்ததைக் கழட்டித் தந்தனீங்கள் எண்டு அண்ணை சொன்னவர். நான் உங்கடை அம்மாவுக்குச் செய்ததுக்கு நீங்கள் எனக்குச் செய்தது இது. விளக்கு வைக்கிற நேரமெல்லாம் நீங்கள் நல்லா இருக்கவேணும் எண்டுதான் கும்பிடுறன்," என்றாள்.

நான் தந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

கோயிலில் பொய் சொல்லாத நான் அவளிடம், "ஓம்" என்றேன். முகாமிலிருந்து வந்த பிள்ளையிடம் போனைக் கொடுத்தாள். "மாமி" என்றது. சின்னக் குரல். அந்தப் பக்கம் எங்கோ நாய் குரைத்தது. "சாப்பிட்டியோ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமி," என்றது. "சாப்பிட்டிட்டன்."

நாளைக்கும் எடுத்துக் கேட்பேன்.

அக்கா